மகள் வருவதற்குள் அறையை முடித்துவிடாதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. அவளுடைய அறை 10 அடிக்கு 11 அடி, ஒரு ஜன்னல். ஆறு வயதில் அவளுக்காக அடித்த இளஞ்சிவப்பு பெயிண்ட், பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் ஒட்டிய அலமாரி, குட்டிக் கட்டில் எல்லாம் இன்னும் அப்படியே இருக்கின்றன. அடுத்த மாதம் இரண்டு வாரம் அவள் பாட்டி வீட்டில் இருக்கப்போகிறாள். அதற்குள் ரூமை முழுவதுமாக மாற்றி, வந்ததும் கதவைத் திறந்து காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. மேலே கட்டில், கீழே மேசை, பக்கத்தில் அலமாரி என்று சுவரோடு சேர்த்துச் செய்து தரும் ஒரு செட் பார்த்து வைத்திருக்கிறேன், வெள்ளையும் வெளிர் ஊதாவும். அவளோ சுவர் கரும்பச்சையாக வேண்டும், எல்இடி பட்டை ஒட்ட வேண்டும், கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டும் என்கிறாள். மூன்றிலுமே எனக்குச் சம்மதமில்லை. நாலு வருஷத்தில் கல்லூரிக்குக் கிளம்பிவிடுவாள், அதற்குள் எவ்வளவு செலவு செய்வது நியாயம் என்றும் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: வணக்கம். முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், அவள் இல்லாத இரண்டு வாரத்தில் அந்த அறையை முடித்து வைக்காதீர்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு அது சந்தோஷமான ஆச்சரியம். 14 வயதில் அப்படி இருக்காது, ஏனென்றால் அவளுக்கு அந்த வீட்டில் தன்னுடையது என்று இருப்பது அந்த ஒரு அறைதான், திரும்பி வரும்போது அதில் தன் பொருள்கள் எங்கே போயின என்று தேட வேண்டியிருக்கும். அதோடு தனக்கு என்ன வேண்டும் என்று மூன்று விஷயங்களை வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறாள். மூன்றையும் விட்டுவிட்டு வேறொன்றைச் செய்து வைத்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும், தன் பேச்சை யாரும் கேட்கவில்லை என்பதுதான் அவளுக்குத் தெரியும். உங்கள் முன்னால் சிரித்து நன்றி சொல்வாள். அப்புறம் அந்த அறையில் எதையும் தன்னுடையதாக நினைத்துப் பார்த்துக்கொள்ள மாட்டாள்.

அந்த இரண்டு வாரத்தை வீணாக்கவும் வேண்டாம். தூசியும் சத்தமும் உள்ள வேலைகளை அப்போது முடித்துவிடலாம்: சுவர் விரிசலை அடைத்துப் பட்டி பார்ப்பது, ஜன்னல் ஓரம் ஈரக்கசிவு இருந்தால் சரிசெய்வது, புதிய பிளக் பாயிண்டுகளுக்கு எலக்ட்ரீஷியனை வரவழைத்துச் சுவரில் வழி வெட்டுவது. இதையும் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவளுடைய சாமான்களை அவளே பெட்டியில் எடுத்து வைத்துவிட்டுப் போகட்டும்.

இந்த வயதுப் பிள்ளைகளின் அறைக்கு நான் வைத்துக்கொள்ளும் கணக்கு ஒன்றுதான். மாற்றக் கடினமானவை, அதாவது வயரிங், கட்டிலின் அளவு, மெத்தை, மேசை நாற்காலி, வெளிச்சம், காற்று, பாதுகாப்பு, இவற்றில் பெரியவர்கள் கவனமாக முடிவெடுக்க வேண்டும். எளிதில் மாற்றக்கூடியவை, அதாவது சுவர் நிறம், திரைச்சீலை, படுக்கை விரிப்பு, போஸ்டர், அலங்கார விளக்கு, இவற்றில் அவள் சொல்வதே முடிவு. உங்கள் கடிதத்தில் இது தலைகீழாக இருக்கிறது. நாலு வருஷத்துக்குப் பிறகும் கழற்ற முடியாத ஒரு செட்டை அவளைக் கேட்காமல் செய்யத் தயாராக இருக்கிறீர்கள், ஒரு நாளில் மாற்றிவிடக்கூடிய பெயிண்டுக்கு மறுப்புச் சொல்கிறீர்கள்.

அந்த செட்டைப் பற்றி. மேலே கட்டில் கீழே மேசை என்பது படத்தில் இடத்தை மிச்சப்படுத்துவது போலத் தெரியும், சிறு பிள்ளைகளுக்கு ஏணியில் ஏறுவதே விளையாட்டு. 16 வயதில், காய்ச்சலோடு இருக்கும் நாளில், வயிற்றுவலி உள்ள நாளில், நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழும்போது அந்த ஏணி தண்டனையாகிவிடும். மேல்கட்டிலில் நிமிர்ந்து உட்கார மெத்தைக்கும் கூரைக்கும் இடையே குறைந்தது மூன்றடியாவது வேண்டும், பெரும்பாலான வீடுகளில் அது கிடைப்பதில்லை. சூடான காற்று மேலே போய்த் தங்கும். மின்விசிறி உள்ள அறையென்றால் மேலே எழுந்து உட்காருபவரின் தலையும் கையும் இறக்கைக்குப் பக்கத்தில் வந்துவிடும், இது ஒன்றுக்காகவே நான் வேண்டாம் என்பேன். கீழே உள்ள மேசைக்கோ பகலிலும் விளக்குப் போட வேண்டும். விரிப்பை மாற்றுவது எவ்வளவு சிரமம் என்பதை மாற்றிப் பார்த்தவர்களைக் கேளுங்கள், அதனால் மாதக்கணக்கில் மாற்றாமலே கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சுவரோடு சேர்த்துச் செய்த செட்டை அவள் வீடு மாறும்போது எடுத்துப்போக முடியாது, மேசையை மட்டும் ஜன்னல் பக்கம் நகர்த்த வேண்டும் என்றாலும் முடியாது.

தனித்தனிச் சாமான்களாக வாங்குங்கள், பெரியவர்களுக்கு வாங்குவது போலவே வாங்குங்கள். ‘டீன் ரூம்’ என்ற பெயரில் விற்கும் சாமான்கள் இரண்டு வருஷத்தில் சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியும். கட்டில் நீளம், அவளுடைய உயரத்தைவிட அரையடியாவது கூடுதலாக இருக்க வேண்டும், அவள் இன்னும் வளரவும் கூடும் என்பதால் 190 சென்டிமீட்டருக்குக் குறைவாக வேண்டாம். அகலம் மூன்றடி போதும், நாலடி இருந்தால் நிம்மதி, ஏனென்றால் இந்த வயதில் கட்டில்தான் சோபா, தோழிகள் வந்தால் உட்காருமிடம், படிக்குமிடம் எல்லாம். உங்கள் 10 அடிச் சுவரில் நாலடிக் கட்டிலை ஒரு ஓரமாகப் போட்டு, எதிர்ச்சுவரில் இரண்டடி ஆழ அலமாரி வைத்தாலும் நடுவில் நாலடி மிச்சமிருக்கும். நடக்க இரண்டடி போதும், அலமாரிக் கதவைத் திறந்து எதிரில் நிற்கத்தான் கூடுதல் இடம் வேண்டும். கட்டிலின் அடியில் இழுப்பறையோ, சக்கரம் வைத்த பெட்டியோ இருக்கட்டும்.

இதையெல்லாம் நீங்கள் தீர்மானிக்கும் முன் அவளையே அளக்கச் சொல்லுங்கள். கட்டம் போட்ட தாளில் ஒரு அடிக்கு இரண்டு கட்டம் என்று வைத்து அறையை வரையட்டும், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னல், பிளக் பாயிண்ட் எங்கே என்று குறிக்கட்டும். கட்டில், மேசை, அலமாரியை அதே அளவில் அட்டையில் வெட்டி நகர்த்திப் பார்க்கலாம். அவளிடம் ‘என்ன கலர் வேண்டும்’ என்று மட்டும் கேட்டால் ஒரு கலரின் பெயர்தான் பதிலாக வரும். ‘ஸ்கூல் விட்டு வந்ததும் முதலில் எங்கே உட்காருவாய், கழற்றிய துணியை எங்கே போடுவாய், ராத்திரி படுத்தபின் எதற்காக எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, இந்த ரூமில் எது உனக்கு எரிச்சல்’ என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு வரும் பதில்களைக் கொண்டுதான் ஒரு நல்ல அறையை வடிவமைக்க முடியும்.

சரி, கரும்பச்சைக்கு வருவோம். சம்மதம் சொல்லுங்கள். அறை இருட்டாகிவிடும் என்ற உங்கள் பயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது: பெயிண்டுகளுக்கு ஒளியை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்று 0 முதல் 100 வரை ஒரு எண் உண்டு, நல்ல வெள்ளைக்கு அது 80க்கு மேல், கரும்பச்சைக்கு பெரும்பாலும் 10ஐ ஒட்டி அல்லது அதற்கும் கீழே. கடையில் கேட்டால் ஒவ்வொரு ஷேடுக்கும் அந்த எண்ணைச் சொல்வார்கள். ஆகவே எந்தச் சுவரில் அடிக்கிறோம் என்பது முக்கியம். ஜன்னலுக்கு நேர் எதிரே உள்ள சுவர்தான் வெளிச்சத்தை வாங்கி அறைக்குள் அனுப்புவது, அதை வெளிறிய நிறத்தில் விடுங்கள். ஜன்னல் இருக்கும் சுவரையும் கருப்பாக்கினால் பகலில் ஜன்னல் மட்டும் கண்ணைக் கூசும். கட்டிலின் தலைமாட்டுச் சுவர் பக்கச் சுவராக அமைந்தால் அதுவே சரியான இடம், மேலே கூரை வெள்ளையாகவே இருக்கட்டும். இல்லை, நாலு சுவரும் பச்சையாகத்தான் வேண்டும் என்று அவள் நின்றால் அதிலும் குற்றமில்லை, விளக்கை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள், ராத்திரியில் அப்படிப்பட்ட அறைக்கு ஒரு தனி அமைதி உண்டு.

சின்ன ஷேடு கார்டைப் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள். சாம்பிள் டப்பா வாங்கி இரண்டடி அட்டையில் இரண்டு கோட் அடித்து, காலை, மதியம், விளக்குப் போட்டபின் என்று வெவ்வேறு சுவரில் சாய்த்துப் பாருங்கள், ஒரே பச்சை ஒரு சுவரில் நீலமாகவும் இன்னொன்றில் கருப்பாகவும் தெரியும். இளஞ்சிவப்பின் மேல் நேராக அடித்தால் நாலைந்து கோட் போகும், சாம்பல் நிறம் கலந்த பிரைமர் ஒரு கோட் போட்டால் பெரும்பாலும் இரண்டிலேயே மூடிவிடும். முழு மேட் பெயிண்ட் கருநிறத்தில் கை பட்ட, நாற்காலி உரசிய தடத்தையெல்லாம் காட்டும், ரொம்பப் பளபளப்பு சுவரின் மேடு பள்ளத்தைக் காட்டும், ஆகவே நடுத்தர மினுமினுப்பில், துடைக்கக்கூடிய வகையாக வாங்குங்கள். வாசனை குறைவான, விஓசி (பெயிண்டிலிருந்து ஆவியாகிக் காற்றில் கலக்கும் ரசாயனங்கள்) குறைந்த பெயிண்டாகவும் பாருங்கள், அடித்த பிறகு ஜன்னலைத் திறந்துவைத்துச் சில நாள் அவள் வேறு அறையில் படுக்கட்டும். அவளுக்குப் பிடிக்காமல் போனால் ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் வெள்ளை, பழையபடி ஆகிவிடும். அந்த ஒரு சுவரை அவளே ரோலர் பிடித்து அடிக்கட்டும். ஓரம் கொஞ்சம் வளைந்துதான் போகும், பரவாயில்லை.

எல்இடி பட்டையில் எனக்கு இரண்டு கவலைகள் உண்டு. ஒன்று, அதன் பசை. சுவரில் நேராக ஒட்டினால் உரிக்கும்போது பெயிண்டோடு வரும், அல்லது இரண்டு மாதத்தில் தானாகவே தொங்கும். அலுமினியச் சட்டத்திலோ மெல்லிய மரப்பட்டையிலோ ஒட்டி அதைத் திருகி மாட்டுங்கள், கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னாலோ ஷெல்ஃபுக்கு அடியிலோ பல்ப் கண்ணுக்குத் தெரியாதபடி ஒளி சுவரில் படட்டும், அப்போதுதான் அழகும் கூட. அடாப்டர் பட்டையின் மொத்த வாட்டுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும், அதை மெத்தைக்கும் சுவருக்கும் இடையில் செருகக் கூடாது. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொன்றை மாட்டி இழுப்பதும் கூடாது. இதற்காகத்தான் பிளக் பாயிண்டை முன்பே யோசிக்கச் சொன்னேன். மேசையருகே நாலு, கட்டிலருகே ஒன்று, கண்ணாடியருகே ஒன்று.

இரண்டாவது கவலை தூக்கம். பிள்ளைகள் வளரும் இந்த வயதில் உடலின் உள்கடிகாரமே பின்னுக்கு நகர்கிறது, தூக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்குகிறது. அவள் பதினொரு மணிக்கும் கொட்டக்கொட்ட விழித்திருப்பதற்கும் காலையில் எழுப்பினால் எழாததற்கும் பிடிவாதம் மட்டும் காரணமில்லை. 13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. இரவில் பிரகாசமான, குறிப்பாக நீலம் கலந்த வெளிச்சம் அந்தச் சுரப்பை இன்னும் தள்ளிப்போடும். அதனால் பட்டை வாங்கும்போது மங்கலாக்கவும், இளமஞ்சளுக்கோ செம்மஞ்சளுக்கோ மாற்றவும் முடிகிற வகையாக வாங்குங்கள். கூரையில் ஒரே ஒரு வெள்ளை விளக்கு என்ற பழக்கத்தையும் மாற்றுங்கள். மேசைக்கு ஒரு விளக்கு, 4000 கெல்வின் (ஒளியின் நிறத்துக்கான அளவு, எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்) சரியாக இருக்கும், வலதுகைக்காரி என்றால் அது இடப்பக்கம் வர வேண்டும், இல்லாவிட்டால் எழுதும் கையின் நிழல் தாளில் விழும். கட்டிலுக்கு ஒரு விளக்கு, 2700 கெல்வின், படுத்தபடியே அணைக்க முடிய வேண்டும். ஜன்னலுக்கு இரண்டடுக்குத் திரை, பகலுக்கு மெல்லியது, இரவுக்கும் விடுமுறைக் காலைக்கும் ஒளிபுகாதது. கம்பியை ஜன்னலைவிட இருபுறமும் அரையடி நீட்டி மாட்டினால் ஓரத்தில் ஒளி கசியாது, பகலில் திரையை முழுவதும் ஒதுக்கவும் முடியும்.

கட்டிலருகே இருக்கும் அந்த ஒரு பிளக் பாயிண்ட் விளக்குக்கு மட்டும் போதும்படி பார்த்துக்கொண்டு, மொபைல் சார்ஜ் செய்யும் இடத்தை மேசையில் அமைத்துவிடுங்கள். தலையணைக்கு அடியில் சார்ஜ் போடுவது ஆபத்து என்று அவளிடம் சொல்லுங்கள், அது உண்மையும் கூட, துணிக்குள் வெப்பம் வெளியேற வழியில்லை.

இப்போது தாழ்ப்பாள். உங்களுக்கு அதுதான் ரொம்ப உறுத்துகிறது என்று நினைக்கிறேன். இந்த வயதில் கதவைச் சாத்திக்கொள்ள விரும்புவது இயல்பு. உடம்பு மாறிக்கொண்டிருக்கிறது, உடை மாற்றும்போது யாராவது உள்ளே வந்துவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு நிஜமாகவே இருக்கலாம், அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாகவும் இருக்கலாம். உங்களுக்கு உள்ள பயமும் நியாயம்தான், உள்ளே மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று எந்தத் தாயும் யோசிப்பார். இரண்டுக்கும் ஒரே தீர்வு கடையில் இருக்கிறது: உள்ளே திருகினால் பூட்டிக்கொள்ளும், வெளியே ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பினால் திறந்துகொள்ளும் பூட்டு. குளியலறைக் கதவுகளில் பார்த்திருப்பீர்கள். அதை மாட்டுங்கள், அவசரத்துக்கு மட்டுமே வெளியிலிருந்து திறப்போம் என்று அவளிடம் சொல்லுங்கள், சொன்னபடி நடந்தும் கொள்ளுங்கள். கதவைத் தட்டி, பதில் வந்த பிறகு உள்ளே போவது என்பதை வீட்டிலுள்ள எல்லோரும், தம்பி தங்கை முதல் தாத்தா வரை, பழகிக்கொள்ள வேண்டும். நீங்கள் செய்யக்கூடியதில் செலவே இல்லாதது இது, அவளுக்கு அதிகம் தேவைப்படுவதும் இதுதான். அறை அமைப்பிலும் இதற்கு உதவலாம், கதவு திறந்ததும் கட்டிலோ கண்ணாடியோ நேராகக் கண்ணில் படாதபடி போடுங்கள். அலமாரியை முன்னால் நகர்த்தி ஒரு மறைப்பு உண்டாக்க முடிந்தால் இன்னும் நல்லது.

மேசை நாற்காலியில் மிச்சம் பிடிக்க வேண்டாம். மேசை உயரம் 72 முதல் 75 சென்டிமீட்டர், ஆழம் இரண்டடி, அகலம் நாலடி இருந்தால் புத்தகமும் லேப்டாப்பும் சேர்ந்து கிடக்க இடமிருக்கும். நாற்காலி உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும். கால் தரையில் முழுதாகப் பதிந்து, முழங்கை மேசை மட்டத்துக்கு வர வேண்டும், கால் எட்டவில்லை என்றால் ஒரு சின்னப் பலகையைக் கீழே வையுங்கள். மேசையை ஜன்னலுக்கு நேர் எதிரில் போடாமல் பக்கவாட்டில் போட்டால் திரையில் வெளிச்சம் அடிக்காது, கண்ணும் கூசாது.

துணி விஷயத்தில் கொஞ்சம் யதார்த்தமாக இருப்போம். ஒருமுறை போட்ட, துவைக்கவும் வேண்டாத, மடித்து வைக்கவும் மனமில்லாத துணிதான் எல்லா வீட்டு நாற்காலியிலும் மலையாகக் கிடக்கிறது. அதற்கென்றே கதவுக்குப் பின்னால் ஐந்தாறு கொக்கிகள் கொடுங்கள், அழுக்குத் துணிக்கு மூடியில்லாத கூடை ஒன்றை, அவள் உடை மாற்றும் இடத்திலேயே வையுங்கள். மூடியைத் திறக்க வேண்டும் என்றாலே துணி தரையில்தான் விழும். முழு உருவம் தெரிய ஆளுயரக் கண்ணாடி தேவையில்லை, அவள் உயரத்தில் பாதி உயரக் கண்ணாடியே போதும், சரியான உயரத்தில் மாட்டினால். அதன் மேல்விளிம்பு அவளுடைய கண்ணுக்கும் உச்சந்தலைக்கும் நடுவில் வர வேண்டும், இன்னும் வளருவாள் என்பதால் கொஞ்சம் பெரிதாகவே வாங்குங்கள். அலமாரியையும் உயரமான புத்தக ஷெல்ஃபையும் எல் கிளாம்ப் (எல் வடிவ இரும்புப் பிடி) போட்டுச் சுவரோடு திருகிவிடுங்கள், மேலே உள்ள பொருளை எடுக்க ஷெல்ஃபில் கால் வைத்து ஏறும் பழக்கம் 14 வயதிலும் போகாது.

பட்டாம்பூச்சி அலமாரியை உடனே தூக்கிப்போட வேண்டியதில்லை. மரம் நன்றாக இருந்தால் ஸ்டிக்கரை ஹேர் டிரையரால் சூடாக்கி உரித்து, தேய்த்து, பிரைமரும் பெயிண்டும் அடித்து, கைப்பிடிகளை மாற்றினால் புதிதாகிவிடும். பொம்மைகளையும் முன்பு வரைந்த படங்களையும் அவளே பிரிக்கட்டும், வைத்துக்கொள்ள ஒரு பெட்டி, கொடுத்துவிட ஒரு பெட்டி. அவள் கொடுத்துவிடச் சொன்னதில் உங்களுக்கு மனசு வராதது ஏதாவது இருந்தால் அதை உங்கள் அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் அறையில் திரும்ப வைக்காதீர்கள்.

செலவு எவ்வளவு என்று கேட்டீர்கள். தொகையைவிட வரிசை முக்கியம் என்பேன். முதலில் வயரிங்கும் சுவர் வேலையும், அடுத்து மெத்தை, அப்புறம் நாற்காலி, அப்புறம் மேசை விளக்கு. கடைசி மூன்றும் அவள் கல்லூரிக்குப் போனாலும் யாருக்காவது பயன்படும், நாற்காலியையும் விளக்கையும் அவளே எடுத்துப்போகலாம். மெத்தை வாங்கப் போகும்போது அவளையும் கூட்டிப்போய்ப் பத்து நிமிஷம் அதில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அலங்காரத்துக்கு என்று ஒரு தொகையை ஒதுக்கி, அதை அவள் பொறுப்பில் விட்டுவிடுங்கள், திரைச்சீலையா, விரிப்பா, எல்இடியா, கார்க் போர்டா, எதற்கு எவ்வளவு என்று அவள் கணக்குப் போடட்டும். அவளுடைய கணக்கு உங்கள் ரசனைக்கு ஒத்துவராமல் போகலாம். அதில் தலையிடாதீர்கள். மொத்தத்தில் கால் பங்கைச் செலவு செய்யாமல் கையில் வைத்திருங்கள். புதிய அறையில் ஒரு பரீட்சைக் காலத்தை அவள் கழித்த பிறகுதான் எது குறைகிறது என்று அவளுக்கே தெரியும், இன்னொரு ஷெல்ஃப் என்பாள், தரையில் உட்கார்ந்து படிக்க ஒரு விரிப்பு என்பாள், அல்லது மேசையை வேறு சுவருக்கு நகர்த்தி அங்கே ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும் என்பாள். அந்தப் பணம் அதற்கு.